அய்யம்பெருமாள் பிள்ளையின் ‘அங்கிள்’

நாகர்கோவிலில் ஒரு கோர்ட்டில் அய்யம்பெருமாள் பிள்ளை மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவாக இருந்தார். சாட்சிகள் தமிழில் சொன்னதையும், பழைய பத்திரங்களில் எழுதிக் கிடந்ததையும் இங்கிலீஷில் ஆக்கித் திருவனந்தபுரத்து மேல்கோர்ட்டுக்கு அனுப்பி வைப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் பொடி மட்டை. பேச்சு குறைவு. அவர் வாய் ஓயாமல் பேசியது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றித்தான். அது ‘அங்கிள்’.

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும். அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீட்டில் பிறந்திருந்தால் தோன்றியிருக்காது. அங்கே சொத்து அப்பனிடமிருந்து மகனுக்குப் போவதில்லை; மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். இதற்கு மருமக்கள்தாயம் என்று பெயர். மருமகன் என்றால் சகோதரி பெற்ற பிள்ளை. குடும்பத்தில் மூத்த மாமன் எவரோ அவர்தான் காரணவர். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். எவன் படிக்க வேண்டும், எவன் வயலில் இறங்க வேண்டும், எவளுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். மகனுக்கு அப்பன் ஆசைப்பட்டுக் கொடுக்கும் சிறு பங்கு உண்டு. அதுவும் மருமக்கள் முகம் சுளிக்காத அளவுக்குத்தான்.

அய்யம்பெருமாள் பிள்ளையின் காரணவர் தெய்வநாயகம் பிள்ளை. தாழக்குடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில் ஒரு ஊர். அப்பா செத்ததும் அம்மா ஐந்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமன்தான் சோறு போட்டார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், மெட்ரிகுலேஷன் வரை பீஸ் கட்டினார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மருமகன் திருவனந்தபுரம் போய்க் காலேஜில் சேர வேண்டும் என்றான். மாமன் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டான். காரணவர்கள் காரணம் சொல்லும் வழக்கம் இல்லை.

மருமகன் கோபத்தில் நேராக வந்து கோர்ட்டில் நகல் எழுதச் சேர்ந்தான். அந்தக் குடும்பத்தில் எவனும் கோர்ட்டுப் படி மிதிக்கக் கூடாது, வாதியாகவும் கூடாது, பிரதிவாதியாகவும் கூடாது, சேவகனாகவும் கூடாது என்பது தெய்வநாயகம் பிள்ளையின் பிடிவாதம். அன்றோடு பேச்சை நிறுத்தினார். அது 1912. மாமன் முதலில் பேசாமல் தானும் பேசுவதில்லை என்று மருமகனும் சபதம் எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டில், சாவு வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால்கூட நடுவில் ஒரு ஆள் வேண்டும். “தண்ணி வேணுமான்னு கேளு” என்பார் இவர். “வேண்டாம்னு சொல்லு” என்பார் அவர். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

அய்யம்பெருமாள் பிள்ளை இந்த உலகத்தில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மாமன் தன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேச வேண்டும். ‘நான் செய்தது தப்பு’ என்றுகூடச் சொல்ல வேண்டாம். சும்மா பேசினால் போதும். இதை அவர் வெளியே சொன்னதில்லை. மனைவி பிச்சம்மாளுக்கு மட்டும் தெரியும். அவளிடமும் அவர் சொன்னதில்லை.

வெளியே அவர் செய்தது வேறு. குடும்பச் சொத்தில் தன் பங்கைக் கேட்டு மாமன் மேல் சர்க்காருக்கு ஒரு பெட்டிஷன் எழுத உட்கார்ந்தார், 1919 வாக்கில். தமிழில் எழுதினால் மதிப்பிராது என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். ‘என் மாமன்’ என்று முதல் வரி. ‘மை அங்கிள்’ என்று எழுதிப் பார்த்தார். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இடுப்பில் சாவி தொங்கும் மனிதர் அந்த வார்த்தைக்குள் வரவில்லை. சரியான வார்த்தை தேடிக் கோர்ட்டு அலமாரியில் இருந்த தடித்த அகராதியை எடுத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

‘அங்கிள்’ பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது, அவர்களுக்கு லத்தீனிலிருந்து வந்தது, லத்தீனில் அது ‘அவுங்குலுஸ்’ என்று போட்டிருந்தது. பாட்டனைக் குறிக்கும் சொல்லைச் சிறிதாக்கிச் செய்தது. சின்னப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். அர்த்தம்: தாயின் சகோதரன். தகப்பனின் சகோதரனுக்கு லத்தீன்காரன் வேறு வார்த்தை வைத்திருந்தான். இங்கிலீஷ்காரனும் ஆதியில் தாய்மாமனுக்கென்று ஒரு தனிச் சொல் வைத்திருந்து, பிறகு எங்கேயோ தொலைத்துவிட்டான்.

பொடியை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு அய்யம்பெருமாள் பிள்ளை நெடுநேரம் யோசித்தார். பாட்டன் ஸ்தானத்தில் இருப்பவர், தாயின் சகோதரன், அவருக்கென்று தனிப் பெயர். இது காரணவர் அல்லாமல் வேறு யார்? ஆகவே லத்தீன்காரன் மருமக்கள்தாயக்காரன். அவனிடமிருந்து வார்த்தை வாங்கியவர்களும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்கள்தான். நாஞ்சில் நாட்டில் பிறந்த ஒருவரைத் தவிர வேறு எவரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. அவர் வந்தார், சாகும்வரை அதை விட்டுக் கொடுக்கவும் இல்லை.

பெட்டிஷன் முதல் வரியைத் தாண்டவில்லை. ஒவ்வொரு முறை புதிதாக ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கும்போதும் அந்த வரியைத் திருத்தினார். ஏழு வருஷத்தில் நல்ல வரியாக ஆகிவிட்டது.

ஆராய்ச்சியின் பலன் கோர்ட்டின் தலையில் விடிந்தது. 1921-இல் ஒரு பலா மரத்தைப் பற்றிய வழக்கு. மாமா மரத்தில் ஏறினார், சித்தப்பா கீழே வெட்டுகத்தியோடு நின்றார், பெரியப்பா விலக்கிவிடப் போய் அடி வாங்கினார் என்று சாட்சி சொன்னான். வேறொரு குமாஸ்தா அதை இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். அங்கிள் ஏறினார், அங்கிள் கத்தியோடு நின்றார், அங்கிள் விலக்கப் போனார். ஒரே ஆள் எப்படி மரத்தின் மேலேயும் கீழேயும் இருந்தார் என்று கேட்டு வழக்குக் கட்டு திரும்பி வந்தது. திருத்துகிற பொறுப்பு அய்யம்பெருமாள் பிள்ளைக்கு.

அவர் ‘அங்கிள்’ என்பதை மாமனுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். சித்தப்பாவை ‘இளைய தகப்பன்’ என்றும் பெரியப்பாவை ‘மூத்த தகப்பன்’ என்றும் அப்படியே இங்கிலீஷில் எழுதினார். கட்டு மறுபடியும் திரும்பி வந்தது. சாட்சிக்கு மூன்று தகப்பன்மார் இருப்பதாகத் தெரிகிறது, தத்துப் போன விவரம் எங்கே என்று கேள்வி. முன்சீப் அவரைக் கூப்பிட்டார். முன்சீப் வடக்கே கோட்டயத்துப் பக்கம், தமிழ் சுமார்.

“ஒரு மனுஷனுக்கு எத்தனை அச்சன்மார், பிள்ளே?”

“எங்க ஆளுகளுக்குத் தகப்பன்மாருக்குக் குறைச்சலில்ல எஜமான். காரணவர்தான் ஒருத்தரு.”

முன்சீப் சின்னதாக ஒரு வம்சாவளிப் படம் வரைந்து கட்டோடு வைக்கச் சொன்னார். அதன் பிறகு அந்தக் கோர்ட்டிலிருந்து போகும் கட்டுகளில் எல்லாம் படம் இருந்தது.

ரிக்கார்டு அறையில் இருந்த ரசலையன் மட்டும் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். மிஷன் சபைக்காரர், அவர்கள் வீட்டில் அப்பன் சொத்து மகனுக்கு. மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானியின் ஆறு வயது மகள் தன்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டதாக ஒரு நாள் பூரித்துப்போய்ச் சொன்னார்.

“நீரு அவளுக்கு அம்மைக்க அண்ணனா, தம்பியா?” என்று கேட்டார் அய்யம்பெருமாள் பிள்ளை.

“ஒரு மரியாதைக்கு விளிக்கா பிள்ளைவாள். அவங்க பிள்ளைக எல்லாரையும் அப்படித்தான் விளிக்கும்.”

“நாளைக்கு ஒம்ம தென்னை வெளையில பங்கு கேட்டா குடுப்பீரா?”

“அவ எதுக்குக் கேக்கா?”

“குடுக்க மாட்டீருல்லா. பின்ன எதுக்கு அந்தப் பேரு ஒமக்கு?”

ரசலையன் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு புது அர்த்தம் கொண்டுவந்து கொடுத்துச் சமாதானம் ஆனார். லண்டனில் அடகுக் கடைக்காரனையும் ‘அங்கிள்’ என்பார்களாம். அய்யம்பெருமாள் பிள்ளைக்கு அது ஆச்சரியமாக இல்லை. உள்ளே போனது வெளியே வராது, அது எங்கள் மாமனுக்கும் பொருந்தும் என்றார்.

‘டச்சு அங்கிள்’ என்று ஒரு பிரயோகமும் அகப்பட்டது. தயவு தாட்சண்யம் இல்லாமல் திட்டிப் புத்தி சொல்கிறவன் என்று அர்த்தம். டச்சுக்காரன் எப்படி மாமன் ஆனான் என்று அகராதியில் இல்லை. அய்யம்பெருமாள் பிள்ளைக்கு அதற்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை. டச்சுக்காரன் வந்து இறங்கியது குளச்சலில், தோற்றுப் பிடிபட்டது குளச்சலில், பிறகு வருஷக்கணக்கில் இந்த ஊர்க் காரணவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். திட்டுவதற்கு வேறு எங்கே படித்திருப்பான்?

இப்படி இவர் வார்த்தைக்கு வேர் தோண்டிக்கொண்டிருக்கையில் ஊரில் மரமே சாய்ந்தது. பல வருஷமாகப் படித்த இளவட்டங்கள் கூட்டம் போட்டும் பத்திரிகையில் எழுதியும் கேட்டதைச் சர்க்கார் 1926-இல் சட்டமாக்கியது. இனி அப்பன் சொத்து பிள்ளைக்கு. பொதுக் குடும்பத்தில் இருப்பவர்கள் பங்கு பிரித்துக்கொண்டு போகலாம். காரணவர் கையைப் பார்த்து நிற்க வேண்டாம். ஊரெல்லாம் சந்தோஷம். அய்யம்பெருமாள் பிள்ளைக்கு மட்டும் ஏமாற்றமாக இருந்தது. அவர் பெட்டிஷனில் கேட்க நினைத்ததற்கு மேலேயே சர்க்கார் கொடுத்துவிட்டது. அவர் ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

தெய்வநாயகம் பிள்ளையின் வீட்டில் 1928 தை மாதம் பங்கு வைத்தார்கள். ஏழு பங்கு. காரணவரே பிரித்தார். பிரிக்கிறவன் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. அப்போதுதான் கை சுத்தமாக இருக்கும். எழுபது வயதுக் கிழவர் இரண்டு மாதம் வயலுக்கு வயல் கயிறு பிடித்து நடந்தார். தென்னையை எண்ணும்போது காய்ப்பு நின்ற மரத்தைத் தனியாக எண்ணினார். எங்கே ஓரவஞ்சனை செய்திருக்கிறார் என்று மருமக்கள் தேடு தேடென்று தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

ஓலைத் துண்டுகளில் பங்கை எழுதிச் செம்பில் போட்டு எடுத்தார்கள். அய்யம்பெருமாள் பிள்ளையின் முறை வந்தபோது மாமன் செம்பைப் பார்த்து, “அடுத்த ஆளு எடுக்கலாம்” என்றார். இவர் எடுத்தார். நல்ல நஞ்சை. வீடு மூத்த மருமகன் நாராயணபெருமாளுக்குப் போயிற்று. கடைசியில் செம்பில் மிஞ்சியது களத்துமேடும் மாட்டுத்தொழுவமும் அதை ஒட்டின ஒரு துண்டு வயலும். கிழவர் அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து எல்லோருக்கும் நடுவில் தரையில் வைத்தார். நாராயணபெருமாள் உடனே எடுத்துக்கொண்டான். இத்தனை வருஷம் சாவி தொங்கிய இடத்தில் இடுப்புத் தோல் கறுத்துத் தழும்பாகியிருந்தது. அதைப் பார்த்து அய்யம்பெருமாள் பிள்ளைக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாள் கோர்ட்டில் ரசலையனிடம் சொன்னார். “லத்தீன்காரனுக்கும் இதுதாம் வே நடந்திருக்கு. ஒரு நாளு சாவியக் கீழ வச்சிருக்கான். அதுக்குப் பொறவு அந்த வார்த்தைய எவனும் எடுத்துக்கிடலாம்னு ஆயிருக்கு. சித்தப்பன் எடுத்தான், அத்தை மாப்பிள்ளை எடுத்தான், அடகுக் கடைக்காரன் எடுத்தான், நீரு எடுத்தீரு.”

ரசலையன் இந்த முறை கோபித்துக்கொள்ளவில்லை. “பெரியவரு இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டார்.

பெரியவர் தொழுவத்தில் இருந்தார். மனைவி பத்து வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டாள், பிள்ளை கிடையாது. நாராயணபெருமாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொல்லத்தில் வியாபாரத்துக்குப் போய்விட்டான். மற்ற மருமக்கள் தங்கள் பங்கோடு தங்கள் பாட்டைப் பார்த்தார்கள். சட்டத்தில் பங்குக்கு விதி இருந்தது. காரணவருக்கு யார் சோறு போட வேண்டும் என்பதற்கு விதி இல்லை. கிழவர் தானே பொங்கித் தின்றார். அது வரை அவர் அடுப்பு மூட்டியதில்லை.

ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று கிளம்பி, ஆடியில் தொழுவத்தின் ஓலையை முழுசாகக் கொண்டுபோயிற்று. சேதி வடசேரிக்கு வந்தது. அங்கேதான் அய்யம்பெருமாள் பிள்ளை குடியிருந்தார். அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“போய்க் கூட்டிட்டு வாங்கோ” என்றாள் பிச்சம்மாள்.

“நான் எப்படிப் போக? போனா பேசணும்.”

“பேசினா வாயில புண்ணு வந்திருமோ?”

அவர் கை கழுவ எழுந்தார். அவள் வண்டி பிடித்துத் தானே போனாள். கிழவர் கூரையில்லாத தொழுவத்தில் குடை பிடித்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். வர முடியாது என்றார். கோர்ட்டுக்காரன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றார்.

“மாமா, அவங்க பத்து மணிக்குப் போனா சாயங்காலந்தான் வருவாங்க. வந்தாலும் ஒங்ககிட்டப் பேச மாட்டாங்க. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல” என்றாள் பிச்சம்மாள்.

கிழவருக்கு இது நியாயமாகப் பட்டது. வண்டியில் ஏறினார்.

அதன் பிறகு இரண்டரை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருவரும் பேசாமல் இருந்தார்கள். மாமனுக்குக் கிழக்கு அறையை ஒழித்துக் கொடுத்து, வெற்றிலைச் செல்லம் வாங்கி வைத்து, வெந்நீர் போடச் சொல்லி, எல்லாம் செய்தார் மருமகன். பேச மட்டும் இல்லை. மாமனும் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சுவரிடம் சொன்னார். பிச்சம்மாள்தான் நடுவில் கிடந்து அல்லாடினாள். எருமைக்குப் புண்ணாக்கு வந்தாயிற்றா என்று அங்கிருந்து ஒரு கேள்வி, வந்தாயிற்று என்று இங்கிருந்து ஒரு பதில். ஒரு நாள் அவளுக்கு அலுத்துப்போயிற்று.

“நானா மொழிபெயர்ப்பு குமாஸ்தா? சம்பளம் வாங்குக ஆளு ஒருத்தரு இந்த வீட்டுல இருக்காரு. அவர்கிட்டச் சொல்லுங்கோ.”

அதற்கும் இரண்டு பேரும் பேசவில்லை. எருமை மட்டும் கத்திற்று.

1931-இல் ஜனத்தொகைக் கணக்கு வந்தது. மாசி மாதம் ஒரு காலையில், கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரம், வீட்டுப் பட்டியல் எழுத ஜான்ரோஸ் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சர்க்கார் அவர் தலையில் அந்தத் தெருவைக் கட்டியிருந்தது. பிச்சம்மாள் பாய் விரித்தாள். கிழவர் சுவரில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அய்யம்பெருமாள் பிள்ளை கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குத் தலைவர் பேரு?” என்றார் ஜான்ரோஸ்.

பொத்தான் போட்ட கை நின்றது. “தெய்வநாயகம் பிள்ளை” என்றார் அய்யம்பெருமாள் பிள்ளை.

ஜான்ரோஸ் பேனாவை மையில் தோய்த்தார்.

“எழுதாதேயும்” என்றார் கிழவர். வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு தலையைத் திருப்பி மருமகனை நேராகப் பார்த்தார். “ஏ அய்யம்பெருமாளு. ஒம் பேரச் சொல்லு. சோறு போடுகவன் பேருதான் தலைவர் பேரு.”

பத்தொன்பது வருஷமாக அய்யம்பெருமாள் பிள்ளை இந்த நேரத்துக்கு வாக்கியங்கள் செய்து வைத்திருந்தார். தமிழில் சில, இங்கிலீஷில் சில, ஒவ்வொன்றும் மேல்கோர்ட்டுக்கே அனுப்பத் தகுந்தவை. ஒன்றுகூட வரவில்லை.

“சரி மாமா” என்றார்.

ஜான்ரோஸ் எழுதினார். கிழவர் இன்னும் வெற்றிலையை எடுக்கவில்லை. ஏதோ ஒரு கணக்கை முடிக்க நினைத்தவர்போல, பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நீ காலேசுக்குப் போறேன்னு சொன்ன வருசம் நான் ரெண்டு காளை வாங்கினேன். ஒனக்குக் கட்டவேண்டிய காசுதான். உழவுக்குக் காளைதான் வேணும், காலேசு எதுக்குன்னு நெனச்சேன். நல்ல காளை. மறு ஆடிக்கு முன்ன ரெண்டும் செத்துப் போச்சு. ஒன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சு.”

அய்யம்பெருமாள் பிள்ளை கோட்டோடு தரையில் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வயது மனிதர், சர்க்கார் உத்தியோகஸ்தர், முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். கிழவர் ஒரு கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

ஜான்ரோஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக்கூட்டை மூடிவிட்டு எழுந்து, வாசல் வரைக்கும் வந்த பிச்சம்மாளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“என்னம்மா, வீட்டுல ஏதும் துக்கமா?”

“ஒண்ணுமில்ல சார்” என்றாள் பிச்சம்மாள். “ரெண்டு பேரும் பேசிக்கிடுகாங்க.”